பார்த்ததை மட்டும்

டிசம்பர் 2, திங்கள்

பள்ளிக்கூடம் முடிந்து நேராக ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கட்டில்தான். தங்கை ஆக்னஸ் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டும் தெரிவது எதிர்வீட்டுச் சுவரும் அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும்.

தலையணைக்கு அடியிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

“சாந்தாமணி, எனக்கொரு உதவி பண்ணுங்க. தெனமும் காலைல குளத்துக்குப் போங்க. கால் மணி நேரம் போதும். எனக்குப் பதிலா பாத்துட்டு வந்து மூணு வரி எழுதுங்க. சாயங்காலம் வந்து படிச்சுக் காட்டுங்க.”

“உங்க அளவுக்கு எனக்கு வராதுங்களே டீச்சர்.”

“வர்றதுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க. பாக்காததை எழுதாதீங்க. ‘போல’ன்னு வந்துச்சுன்னா அடிச்சிருங்க. அவ்வளவுதான்.”

எங்கள் பள்ளியில் அவர் தாவரவியல் எடுக்கிறார். நான் அலுவலகத்தில் கிளார்க். ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேரைக் குளக்கரையில் நடக்கவிட்டு ஹைக்கூ எழுத வைப்பார். இரண்டு வருடமாக நானும் போகிறேன். என் ஸ்கூட்டரில்தான் இருவரும் போவோம். நவம்பர் 17 அன்றும் அப்படித்தான் போனோம். மேற்குக் கரை வளைவில் நாய் குறுக்கே வந்ததால் வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு இது.

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் முதலில் மூன்று வரி. மீதி இடத்தில் என் பாட்டை எழுதிக்கொள்கிறேன். படிக்கும்போது அந்த மூன்று வரியை மட்டும் படித்தால் போயிற்று.

டிசம்பர் 3, செவ்வாய்

பனி விலகாத குளம்
நாமக்கோழியின் நெற்றி மட்டும்
வெள்ளையாக நகர்கிறது

மேற்குக் கரை வழியாகப் போனால் பக்கம். நான் கிழக்கே சுற்றிக்கொண்டு போனேன். மேற்கில் இன்னும் மணல் கொட்டிக் கிடக்கும்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். வெயில் எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை நாமக்கோழி என்றெல்லாம் விசாரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் முகத்தில் இப்படி ஒரு தெளிவைப் பார்க்கவில்லை என்று ஆக்னஸ் வாசல்வரை வந்து சொன்னார்.

டிசம்பர் 4, புதன்

சம்புப் புதர் அசைகிறது
காற்று இல்லை
உள்ளே ஏதோ நடக்கிறது

மிக்ஸி ஜாருக்குப் புது வாஷர். அரையாண்டுத் தேர்வுப் பட்டியல் பாதி முடிந்தது.

டிசம்பர் 7, சனி

மூன்று வரி வரவில்லை.

என் வீட்டுக்காரர் இந்த வருடம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சாப்பிட்டு முடித்ததும் நாயைப் பற்றிச் சங்கத்தின் பேரில் மனு எழுதப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

“சாந்தா, நாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்துச்சு?”

“இடது பக்கம்.” கொஞ்ச நேரம் கழித்து, “இல்லீங்க, வலது பக்கம்” என்றேன்.

“பயத்துல உனக்கு மறந்துருச்சு. சரி விடு. கூழ்க்கடைச் செவலைதான, அது ஒண்ணு போதும்.”

விபத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். “எந்த நாயிங்க? ராமாத்தாள் கூழ் வண்டிகிட்ட ஒரு செவலை படுத்திருக்குமே, அதுங்களா?” என்று யாரோ கேட்டார்கள். நான் தலையாட்டியிருப்பேன் போலிருக்கிறது. வலி மாத்திரை போட்டிருந்தேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

டிசம்பர் 11, புதன்

நீர்க்காகம் சிறகை விரித்து நிற்கிறது
பக்கத்துக் கம்பத்தில்
யாரோ காயப்போட்ட சட்டை

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறதாம், இருந்தும் சிரித்தார்.

அப்புறம் கேட்டார்: “ராமாத்தாக்கா எப்படியிருக்காங்க? அன்னிக்கு அவங்கதான் என் தலையைத் தூக்கி மடியில வெச்சாங்க. செவலை வந்து என் கையை நக்கிட்டே இருந்துச்சு. வலியில அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகமிருக்கு.”

“நல்லா இருக்காங்க டீச்சர். நேத்துகூடப் பாத்தேன்” என்றேன்.

கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால் எதிரே மேற்குக் கரையில் கூழ் வண்டியின் குடை தெரியும். அதைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 14, சனி

மத்தியானம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: “வேலை முடிஞ்சுது.” சங்கத்திலிருந்து தனியாக ஒரு வேன் பேசி, செவலையை ஏற்றி, ஊரைத் தாண்டி எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். “பன்னைக் காட்டுனா வாலாட்டிட்டு அதுவே ஏறுது. கெழவிதான் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுது.”

நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டேன்.

“உனக்காகத்தான்” என்றார்.

டிசம்பர் 15, ஞாயிறு

போகவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

இன்றும் போகவில்லை. வெறுங்கையோடு டீச்சர் முன்னால் போக முடியாது என்று ஆபீஸில் உட்கார்ந்து ஒன்றை எழுதினேன்.

விடியற்காலை மூங்கில்
குயில் கூவி நிறுத்தியது
குளம் முழுக்க அமைதி

படித்து முடித்தேன். டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“குளத்துல மூங்கில் எங்க இருக்குதுங்க?”

நான் நோட்டை மூடினேன்.

“மார்கழி மொதநாளு எந்தக் குயில் இப்படிக் கூவுது? இது நீங்க பார்த்தது இல்ல சாந்தாமணி.” கோபமாகச் சொல்லவில்லை. “முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. ஒரு நாள் வரலைன்னா ஒண்ணும் ஆகிறாது. ஆனா இல்லாததைக் கொண்டுவந்து எங்கிட்டக் குடுக்காதீங்க. நான் இங்கிருந்து அதை நம்பித்தான் பாக்கணும்.”

ஆக்னஸ் காபி கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். பட்டியல் வேலை இருக்கிறது என்று சொன்னேன். பட்டியல் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது.

டிசம்பர் 19, வியாழன்

ஆகாயத்தாமரை இலைமேல்
ஒரு கால் வைத்துப் பார்க்கிறது
குளத்துக் கொக்கு

தேர்வுக்கட்டு பிரித்தது, மீதி பேப்பர் எண்ணிக் கட்டியது. ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையாம்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன். டீச்சருக்குப் புது நைட்டி, நீல நிறம். கேக்கை மூன்று துண்டாக வெட்டிப் பொட்டலம் கட்டி ஆக்னஸ் கொடுத்தார். எனக்கொன்று, வீட்டுக்காரருக்கொன்று.

“மூணாவது ராமாத்தாக்காவுக்கு. கண்டிப்பா குடுத்துருங்க. அன்னிக்கு அவங்க இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றார் டீச்சர்.

டிசம்பர் 28, சனி

பொட்டலம் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருந்தது. இன்று காலை நானே தின்றுவிட்டேன். நின்றுகொண்டே, அடுப்படியில். காகிதத்தை மடித்துக் குப்பைக்கு அடியில் போட்டேன். கொடுத்துவிட்டேன் என்று சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன்.

ஜனவரி 1, புதன்

கிழக்குக் கரையில் வாய்க்காலை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேற்கே போனேன்.

ராமாத்தாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அறுபது இருக்கும். இடது காது கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. டிரைவர் கதவைத் தட்டிக் கத்திய பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினார். முன்பெல்லாம் செவலை அவருடைய இடது பக்கம் நடக்கும். ஏதாவது வந்தால் அது முதலில் ஒதுங்கும், அதைப் பார்த்து அவரும் ஒதுங்குவார். இதை நான் நூறு ஞாயிற்றுக்கிழமைகளாவது பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட எழுதவில்லை.

என்னைக் கண்டதும் நின்றார். “ஏனுங் அம்மிணி, கை தேவலைங்களா? டீச்சரம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்களா?”

“தேவலைங்க. இன்னும் உக்காரலீங்க.”

“நா கேட்டன்னு சொல்லுங்க.”

நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

கூழ் வண்டிக்கு அடியில்
நாய் படுத்துப் படுத்துக்
குழிந்த மண்

பார்த்ததைத்தான் எழுதினேன். ‘போல’ இல்லை. இரண்டு வருடத்தில் நான் எழுதியவற்றில் இதுதான் நல்ல ஹைக்கூ என்று எனக்கே தெரிகிறது. டீச்சரிடம் இதைப் படிக்கவில்லை. மீன்கொத்தி ஒன்றை அவசரமாகச் சொல்லி ஒப்பேற்றினேன். மீன்கொத்தியையும் பார்த்தது உண்மைதான்.

ஜனவரி 11, சனி

டீச்சர் இன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார்.

“நோட்டைக் குடுங்க, நானே படிக்கறேன். உங்க வாயால கேட்டுக் கேட்டு எழுத்தையே பாக்கலை.”

பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து சரியில்லை, பென்சிலில் எழுதியிருக்கிறேன், வீட்டில் நகல் எடுத்துத் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கையை மெதுவாகப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 13, திங்கள்

காப்புக் கட்டு. பூளைப்பூ பறிக்கக் குளத்துக்குப் போனேன். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி வாசலில் செருகினேன். வீட்டுக்காரர் பொங்கல் கரும்பு வாங்கப் போயிருக்கிறார். வீட்டில் நான் மட்டும்.

நாய் வரவில்லை.

பள்ளியில் எத்தனையோ பேரின் விளக்கக் கடிதங்களை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

நவம்பர் 16 சாயங்காலம் மூன்று வரி எழுதி எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் குழுவிலும் பள்ளி ஆசிரியர் குழுவிலும் போட்டேன். முக்குளிப்பான் மூழ்கியது, வட்டங்கள் கரை சேர்ந்த பின்னும் அது வெளியே வரவில்லை என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலை டீச்சரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பாராட்டு வரத் தொடங்கியது. ஸ்கூட்டரில் கைப்பிடி நடுவில் போன் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பெயராக மேலே வந்தது. கைதட்டல், பூ, கும்பிடு. ஹெட்மிஸ்ட்ரஸ் பெயர் வந்தது. அவர் என்னிடம் கோப்பைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசியதில்லை. என்ன எழுதியிருக்கிறார் என்று விரலால் தொட்டுத் திறந்தேன். நான்கு வரி எழுதியிருந்தார். மூன்றாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தபோது மேற்குக் கரை வளைவில் யாரோ கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் முன்சக்கரம் ஏறியது. டீச்சர் “மணல், மணல்” என்றார். அது எனக்குக் கேட்டது.

விழுந்த பிறகு முதலில் ஓடிவந்தவர் ராமாத்தாள். அவருக்குப் பின்னால் செவலை, வண்டிக்கடியிலிருந்து எழுந்து வந்தது. நடைக்கு வந்தவர்கள் கூடினார்கள். எப்படியம்மா ஆச்சு என்று ஒருவர் கேட்டார். நான் அந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நாய்” என்றேன். ஒரே சொல். மீதியை அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

தலையாட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மாத்திரை போட்டது அதற்கு அப்புறம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெல்லம் கூடிப்போயிற்று.

ஜனவரி 18, சனி

டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

ஆக்னஸ் கடைக்குப் போகும்வரை காத்திருந்தேன். “டீச்சர், அன்னிக்கு நாய் குறுக்க வரலீங்க” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுங்க” என்றார்.

பையை மடியிலிருந்து கீழே வைத்தேன்.

“பின்னாடி உக்காந்திருந்தவ நான்தானுங்களே. உங்க தோளுக்கு மேல போன் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரில எல்லாரும் நாய் நாய்னு பேசுனாங்க. நான் வாயத் தொறக்கலை.”

“ஏன் டீச்சர்?”

ஜன்னலுக்கு வெளியே அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மொதல்ல, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் பயம் வந்துருச்சு. நான் சொல்லப் போயி, நீங்க வெக்கப்பட்டு வராம போயிட்டீங்கன்னா? சாயங்காலம் நாலரை மணிக்கு உங்க வண்டிச் சத்தம் கேக்கும். அதுக்காகவே அந்தப் பொழுதை ஓட்டிட்டிருந்தேன். கட்டில்ல கெடந்தா மனுசிக்குப் புத்தி அப்படிப் போகுதுங்க.” பிறகு, “அந்த முக்குளிப்பான் நல்ல வரிங்க. அதை நான் உங்ககிட்டச் சொல்லவே இல்ல” என்றார்.

அழுதேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மீதியையும் சொன்னேன். வேன், பன், ஊரைத் தாண்டி எங்கோ என்பது வரை.

கையை எடுத்துக்கொண்டார்.

“எப்ப?”

“டிசம்பர் பதினாலு.”

“அஞ்சு வாரம்.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்க. கேக் குடுத்தாச்சுன்னு சொன்னீங்க. நான் வாயை மூடிட்டு இருந்தது எனக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கற விஷயம்னு நெனச்சனே. அந்த நாயை நானும்தான் சேந்து ஏத்தி அனுப்பியிருக்கேன்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்பை அசைக்க முடியாததால் கழுத்து மட்டும் திரும்பியது. “போங்க சாந்தாமணி. ராமாத்தாக்காகிட்டச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் மூணு வரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

நோட்டை அவர் கட்டிலிலேயே வைத்துவிட்டு வந்தேன். முழுவதையும் படிக்கட்டும். இதை ஆபீஸ் பேப்பரில் எழுதுகிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷேவ் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்போடு திரும்பி நின்றார்.

“வெளையாடறியா?”

“இல்லீங்க.”

“நாலு பேரு கையெழுத்து வாங்கி, நா முன்னால நின்னு செஞ்சிருக்கறேன். இப்ப வந்து இல்லைங்கற.”

“எங்க கொண்டுபோயி விட்டீங்க?”

மீதி முகத்தையும் மழித்துத் துடைத்துவிட்டு வெளியே போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து, டிவியைப் பார்த்தபடி, “பாலக்காட்டு ரோட்டுல, ஒரு பழைய கல்குவாரி இருக்குது. அங்க” என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. கூட்டம் குறையட்டும் என்று பத்து மணிக்குப் போனேன். ராமாத்தாள் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய வலது பக்கம் போய் நின்றேன்.

சொல்ல நினைத்த வரிசையெல்லாம் கலைந்து போயிற்று. “செவலை குறுக்க வரலீங்கக்கா. நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

சொம்பைக் கவிழ்த்து வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியாதுங்களா? நீங்க உழுகறப்ப அது என்ற கால்கிட்டத்தான் படுத்துக் கெடந்துச்சு. வேன்காரங்க வந்தன்னைக்கும் அதயத்தான் கத்துனேன். இது எங்கயும் போவுலீங்க, யாரு மேலயும் உழுகுலீங்கன்னு. உங்கூட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுங்களா? பள்ளிக்கூடத்துல வேல செய்யற பொம்பளை பொய் சொல்லுவாளான்னு கேட்டாரு.”

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

“எங்கிட்ட எதுக்குங் சொல்றீங்க? நாந்தான் பாத்தனே. தெரியாதவிய அங்க அத்தன பேரு இருக்கறாங்க. அவியகிட்டப் போயிச் சொல்லுங்க.”

கூழ் வாங்க ஒருவர் வந்தார். ராமாத்தாள் ஊற்றிக்கொடுக்கத் திரும்பினார். அவருடைய கேட்காத காது என் பக்கம் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஒன்றும் எழுத இல்லை. ஆபீஸில் சாதிச் சான்று விண்ணப்பங்கள் நாற்பத்திரண்டு.

ஜனவரி 26, ஞாயிறு

சங்கத்தில் கொடியேற்று விழா. சுமார் அறுபது பேர். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். கொடி ஏற்றி, பாட்டுப் பாடி, மிட்டாய் கொடுக்கும் நேரம். நான் மைக் பக்கம் போனேன். என்ன என்று கண்ணால் கேட்டார். நான் நிற்கவில்லை.

எழுதி வைத்த பேப்பரைப் படித்தேன். போன் பார்த்துக்கொண்டு ஓட்டினேன், மணலில் ஏற்றினேன், நாய் வரவில்லை, நாய் என்று நான் சொன்னது பொய், ராமாத்தாள் சொன்னதுதான் உண்மை. ஐந்து வாக்கியம். மைக் கொஞ்சம் கரகரத்தது. நான்காவதைத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

மிட்டாய்த் தட்டு பாதி வழியில் நின்றது. பின்னால் ஒரு பெண், “விடுங்க, தெரு நாய்தான” என்றார். அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்காரர் மைக்கை வாங்கி, “வேன் பேசுனது நானு” என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்தார். வீட்டுக்கு நடந்தே போனார். என் வண்டியில் ஏறவில்லை.

ஜனவரி 29, புதன்

டீச்சர் கூப்பிட்டனுப்பியிருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை வந்தார். ஒன்பது அடி. உட்கார்ந்ததும் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் படிச்சேன். கஷ்டமா இருந்துச்சு” என்றார். குயில் கூவிய மூன்று வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்.

பிப்ரவரி 1, சனி

நாளைக்கு அந்தக் குவாரிக்குப் போய்த் தேடுவதாக ராமாத்தாளிடம் சொன்னேன்.

“நீங்க கூப்புட்டா அது வருமுங்களா?” என்றார். “நா வாறேன். நாளைக்குக் கூழ் வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து ஆட்டோவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன். ஒரு வாரமாக என்னோடு பேசாத வீட்டுக்காரர், “அந்த எடம் ஆட்டோக்காரனுக்குத் தெரியாது. நாந்தான் காட்டோணும்” என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆறரைக்குக் கிளம்பினோம். வீட்டுக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் நானும் ராமாத்தாளும். ராமாத்தாள் மடியில் ஒரு தூக்குப் போசி இருந்தது. உள்ளே பழைய சோறும் தயிரும்.

குவாரி ஓரம் எடைமேடை ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த காவலாளியிடம் விசாரித்தோம். செவலை நிறத்தில் ஒன்று வந்தது உண்மைதான் என்றார். நாலைந்து நாள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததாம், கோயம்புத்தூர்ப் பக்கம் பார்த்து. சோறு வைத்தால் ஆள் நகர்ந்த பிறகு வந்து தின்னும். பிறகு காணவில்லை. எந்தப் பக்கம் போனது என்று தெரியாது.

வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ராமாத்தாளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கவனிக்காமல் குவாரி விளிம்புக்கு நடந்துகொண்டிருந்தார்.

அங்கே நின்று கூப்பிட்டார். பெயர் சொல்லவில்லை. நாக்கை மடித்து ஒரு சத்தம், பிறகு “வா சாமி, வா” என்று நீட்டி. கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எதிர்ப்பாறையிலிருந்து அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். எங்கிருந்தோ மூன்று நாய்கள் வந்தன. ஒன்று கறுப்பு, இரண்டு வெள்ளை. எதுவும் செவலை இல்லை. போசியைத் திறந்து சோற்றை மூன்றுக்கும் பிரித்து வைத்தார்.

சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் ஒரு தடவை, ரயில் பாதைப் பக்கம் ஒரு தடவை, ரோட்டில் ஒரு தடவை. ஒவ்வொரு இடத்திலும் அவர் கூப்பிட்டார். நாங்கள் சத்தம் செய்யாமல் பின்னால் நின்றோம். இரண்டாவது இடத்தில் வீட்டுக்காரர் அவர் கையிலிருந்த போசியை வாங்கிக்கொண்டார். அவர் கொடுத்தார்.

பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிட்டது. டிரைவர் நேரத்தைப் பார்த்தார். ராமாத்தாள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம அக்கட்டால, அந்தக் கோழிப்பண்ணப் பக்கம் பாக்கோணும்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வெளியே பார்த்துச் சொன்னார். “வருவீங்கல்ல?”

“வர்றோமுங்க” என்றார் வீட்டுக்காரர்.

டிரைவர் சாவியைத் திருகப் போனார். “பொறுங்க கண்ணு” என்று ராமாத்தாள் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டி இன்னும் ஒரு முறை கூப்பிட்டார். ஒரு லாரி கடந்து போகும்வரை பொறுத்திருந்து, சத்தம் முழுக்க அடங்கிய பிறகு திரும்பவும் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைக்கூடச் சத்தமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.